யார் வந்தாச்சு?

கண்ட்ரோல் ரூமில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சைரன். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறோம் என்று அவர்களுக்கு நினைப்பு. ஒருநாள் காபி மெஷின் பக்கத்தில் ஒருத்தன், "சைரன் இன்னிக்கு லீவா?" என்று கேட்க, அவன் பின்னாலிருந்தே, "லீவு இல்ல, இங்கதான் நிக்குது. அலறிக் காட்டணுமா?" என்றாள். அவன் கையிலிருந்த காபி முழுக்க அவன் சட்டைக்குப் போயிற்று.

கோபக்காரிதான். அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறவனைக் கண்டால் கோபம். கேட்டதை விட்டுவிட்டு வேறு எதற்கோ பதில் சொல்கிறவனைக் கண்டால் கோபம். "பாத்துக்கலாம் மேடம்" என்கிறவனைக் கண்டால் அப்படியே பற்றிக்கொண்டு வரும். ஆனால் இவை எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆகவே ஆகாதது ஒரு வார்த்தை. அதற்கு முன்னால் அவள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

மாமியார் பக்கத்து வீட்டில் சொல்வது இப்படி: "பூமிக்குள்ள என்னத்தையோ அனுப்புறாளாம். யாருக்குன்னு கேட்டா, யாருக்கும் இல்லங்கறா." அது ஒன்றும் தப்பில்லை. தரைக்கடியில் வளைந்து போகிற சுரங்கத்தில் புரோட்டான்களை ஓடவிட்டு, வேகம் ஏற்றி, ஒரு கிராஃபைட் தண்டில் மோத விடுவார்கள். அந்த ஓட்டத்துக்கு அங்கே எல்லாரும் சொல்கிற பெயர் பீம். மோதலில் தெறிக்கிற துகள்களைக் காந்தங்கள் ஒரே திசையில் கூட்டி அனுப்பும். அவை நீளமான ஒரு குழாயில் பறந்துகொண்டே சிதையும். சிதையும்போது பிறப்பதுதான் நியூட்ரினோ. அதற்குச் சுவரும் ஒன்றுதான், மலையும் ஒன்றுதான். மண், பாறை, ஆற்றுப் படுகை, ஊர்கள் எல்லாவற்றுக்கும் அடியில் பூமியை ஊடுருவிக்கொண்டு போய், பல நூறு கிலோமீட்டர் தள்ளி, கைவிட்ட ஒரு சுரங்கத்தின் அடியாழத்தில் கட்டி வைத்திருக்கிற பிரம்மாண்டமான தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும். கோடானுகோடியாகப் போகிறதில் ஒன்றிரண்டுதான் தொட்டியில் மாட்டும்.

வேடிக்கை அதில் இல்லை. நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு. இங்கிருந்து கிளம்பும்போது ஒரு வகையாக இருப்பது, போகிற வழியிலேயே வேறு வகையாக மாறிவிடும். எவ்வளவு மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று பார்க்கத்தான் இத்தனை செலவும் இத்தனை பேரும். அதனால் அந்தக் கோடியில் இருக்கிறவர்களுக்கு ஒரே கேள்விதான். வந்தது எது? "ஏதோ ஒண்ணு வந்துச்சு" என்றால் அடிக்க வருவார்கள். எது வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். வந்தாச்சு.

ரொம்பச் சாதாரண வார்த்தை. பொழுது விடிந்தால் பொழுது போனால் நம் வாயில் அதுதான். சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு. பூட்டியாச்சா, பூட்டியாச்சு. அதில் என்ன குற்றம் என்று சைரனிடம் கேட்டுப் பாருங்கள். "யாரு பூட்டினா? நீயா, நானா, எதிர்வீட்டுக்காரனா? அந்த வார்த்தைக்குள்ள ஆளே இல்லையே! நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு சட்டையைப் பிடிக்கறது? பூட்டிட்டேன்னு சொல்லு. வந்துட்டேன்னு சொல்லு. சொன்னா சொன்னவன் அதுல நிக்கணும்."

அவள் அப்பா காகித ஆலையில் இருந்தவர். கூழ் கலக்குகிற ராட்சத உருளைக்குள் இறங்கி, ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்கிற வேலை. ஒருநாள் மேலேயிருந்து மேஸ்திரி, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார். "வந்தாச்சு" என்று ஒரு குரல் வந்தது. சுவிட்சைப் போட்டார்கள். அப்பாவின் வலது கை தோளோடு போயிற்று. பிறகு விசாரணை நடந்தது. அந்தக் குரலைக் கேட்டோம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தக் குரல் என்னுடையது என்று ஒருத்தனும் சொல்லவில்லை. அப்பா அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தார். இடது கையால் சட்டைக்குப் பொத்தான் போடப் பழகினார். பொத்தான் நழுவுகிற ஒவ்வொரு தடவையும் சுவரைப் பார்த்து, "யாருடா அது? எவன்டா சொன்னது?" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கோபம் அங்கே பிடித்துக்கொண்டது. இன்றுவரை இறங்கவில்லை.

ஆகையால் அவள் ஷிப்டில் ஒரு வழக்கம் இருந்தது. சுரங்கத்துக்குள் போகிற ஒவ்வொருத்தரும் வாசலில் இருக்கிற பெட்டியிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நிலையத்தின் விதி. ஒரே ஒரு சாவி வெளியே இருந்தாலும் பீம் ஓடாது. எல்லாச் சாவியும் அதனதன் துளைக்குத் திரும்பினால்தான் கண்ட்ரோல் ரூமில் பச்சை எரியும். நல்ல விதிதான். அதற்கு மேல் சைரன் தன் சொந்தச் சரக்கு ஒன்றைச் சேர்த்திருந்தாள். பச்சை எரிந்தாலும் சரி, உள்ளே போய்வந்தவர்கள் வாசல் போனை எடுத்து, அவரவர் வாயால் "வந்துட்டேன்" என்று அவளிடம் சொல்லியாக வேண்டும். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் சொல்லக் கூடாது. சாவிக்கு வாய் கிடையாது என்பது அவள் கட்சி.

இதனால் பீம் கொஞ்சம் தாமதமாகும். அது ஒருத்தருக்குப் பிடிக்கவில்லை. பீம் ஓட்டுகிற பிரிவுக்குப் புதிதாக வந்த தலைவர். "ஒரு நிமிஷம் பீம் போச்சுன்னா என்ன நஷ்டம் தெரியுமா?" என்று எதற்கெடுத்தாலும் கேட்பதால் அவருக்கு நிமிஷம் என்று பெயர் விழுந்திருந்தது. போன வாரம் சைரனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மேடம், விதியில எங்கயாவது இந்தக் கூப்பிடுற வேலை இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

"விதி எழுதினவங்க உள்ள போறதில்ல சார்."

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை அவளால் பீம் தாமதமானால் அவளை ஷிப்டிலிருந்து எடுத்துவிட்டு ஆவணப் பிரிவில் உட்கார வைத்துவிடுவேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆவணப் பிரிவு என்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே பழைய வரைபடங்களுக்கு எண் போடுவார்கள்.  அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை பீம் ஓட்டுவதுதான்.

இது போதாதென்று வீட்டிலும் ஒரு தலைவலி. கணவன் லாரி ஓட்டுகிறவர், பாதி மாதம் சாலையில். வீட்டில் மாமியாரும் கொழுந்தனும் அவளும்தான். கொழுந்தன் அதே நிலையத்தில் குளிர்நீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறவன். அமைதியான ஆள், ஆனால் ரோஷம் ஜாஸ்தி. அவனுக்குப் பெண் கொடுப்பதாக ஒரு குடும்பம் பேச வந்திருந்த அன்று, அவன் வேலை முடிந்து உள்ளே நுழைந்தான். "வந்தாச்சா?" என்று அம்மா கேட்க, "வந்தாச்சு" என்றான். சைரனுக்கு நாக்கு சும்மா இருக்குமா? சமையலறையிலிருந்தே, "யாரு வந்தாச்சு? ஆளா, ஆவியா? வாயைத் திறந்து ஒழுங்கா சொல்லக் கூடாதா?" என்று கத்திவிட்டாள். வந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வீட்டில் அண்ணி வைத்ததுதான் சட்டம் போலிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சம்பந்தம் முறிந்தது.

அன்றிலிருந்து கொழுந்தன் அவளிடம் பேசுவதில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டாலும் உப்பு வேண்டுமென்றால் அம்மாவிடம்தான் கேட்பான். சுரங்கத்திலிருந்து வெளியே வந்தால் வாசல் போனை எடுத்து, அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும், "ம்" என்பான். அவ்வளவுதான். "வந்துட்டேன்" கிடையாது, "அண்ணி" கிடையாது. கண்ட்ரோல் ரூம் முழுக்க அந்த "ம்"மைக் கேட்டு உள்ளுக்குள் சிரிக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த "ம்"மை ஏற்றுக்கொள்வாள். குரல் அவனுடையது, அது போதும்.

அன்று காலை காந்தங்களுக்குப் போகிற குளிர்நீர்க் குழாயில் கசிவு. பீமை நிறுத்தினார்கள். உள்ளே கதிர்வீச்சு அளவு இறங்கியதும் வெல்டரும் கொழுந்தனும் ஆளுக்கொரு சாவியோடு போனார்கள். வெல்டர் தங்கமான மனிதர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அந்தக் கோடியில் தொட்டிக்காரர்கள் "எப்போ வரும், எப்போ வரும்?" என்று செய்தி மேல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் பச்சை எரிந்தது.

சைரன் வாசலைக் கூப்பிட்டாள். காவலாளி எடுத்தார்.

"சாவி ரெண்டும் வந்தாச்சு மேடம். பெட்டி நிறைஞ்சிருக்கு."

"சாவியை யாரு கேட்டா? ஆளைப் போன்ல வரச் சொல்லுங்க."

"ரெண்டு பேரும் வந்தாச்சு போல மேடம். நான் பாத்ரூம் போயிருந்தேன். திரும்பி வந்தா சாவி துளையில இருக்கு, ஆளக் காணோம். கேன்டீன் போயிருப்பாங்க."

"வந்தாச்சு போல! நல்லா இருக்குய்யா உங்க போல!"

சுரங்க ஒலிபெருக்கியில் வெல்டரையும் கொழுந்தனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். ஒரு "ம்" கூட இல்லை. அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் மெதுவாக, "அக்கா, கோவம் இன்னும் தீரல போல. விடுங்க, போட்டுடலாம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து நிமிஷம் உள்ளே வந்தார்.

"பச்சை எரியுதே, ஏன் சும்மா இருக்கோம்?"

"உள்ள போன ரெண்டு பேரும் இன்னும் பதில் சொல்லல சார்."

"யாரு? உங்க கொழுந்தனுமா?" அவர் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "அவர் உங்ககிட்ட பேசறதில்லங்கறது ஊருக்கே தெரியும். உங்க வீட்டுச் சண்டை தீர்ற வரைக்கும் பீம் நிக்கணுமா மேடம்? ஸ்டார்ட் பண்ணுங்க. இல்லன்னா எழுந்திருங்க, வேற ஆள் பண்ணட்டும்."

சைரனுக்குச் சுருக்கென்று தைத்தது. அத்தனை பேர் முன்னால் மானம் போன மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய கோபம் கொழுந்தன் மேல் வந்தது. வேணுமென்றே செய்கிறான். கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு, ஒலிபெருக்கியில் அண்ணி கத்துவதை நினைத்து ரசித்துக்கொண்டிருப்பான். அவன் ஒரு "ம்" சொல்லாததால் அவள் நாற்காலி போகப்போகிறது. இருடா, இருக்கு உனக்கு என்று கறுவிக்கொண்டே பீமைக் கிளப்புகிற ஸ்டார்ட் சாவியில் கையை வைத்தாள். பாதி திருப்பியும்விட்டாள். முழுதாகத் திருப்பியிருந்தால் எச்சரிக்கை ஊளையிடும், சிவப்பு விளக்குகள் சுழலும், பிறகு காந்தங்களுக்கு மின்சாரம் ஏறும், பிறகு பீம். அது ஓடும்போது உள்ளே இருப்பவன் எரிவதுகூட உணரமாட்டான். ஆனால் பிழைக்கமாட்டான்.

கை அங்கேயே நின்றது. கோபமாக இருக்கிறான் என்று யார் சொன்னது? எல்லாரும் சொன்னார்கள். அவன் சொன்னானா?

சாவியைத் திருப்பிப் பிடுங்கினாள். புடவைக்கு மேல் மாட்டியிருந்த வேலைச் சட்டையின் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினாள்.

"என்ன பண்றீங்க?" என்றார் நிமிஷம்.

"கோவமா இருந்தா, கோவமா இருக்கேன்னு அவன் வாயால சொல்லட்டும் சார். நீங்க சொல்லாதீங்க." அவள் எழுந்துவிட்டாள். குரல் கிளம்பிவிட்டது, இனி யாராலும் நிறுத்த முடியாது. "தொட்டிக்குள்ள ஒரு நியூட்ரினோ வந்தா, எது வந்துச்சு, எந்த வகை வந்துச்சுன்னு வருஷம் பூரா உக்காந்து நோண்டுறீங்க. கண்ணுக்கே தெரியாத அதுக்கு அவ்வளவு மரியாதை! உள்ள போன மனுஷன் வந்தானான்னு கேட்டா, 'வந்தாச்சு போல'வா? யாரு சார் வந்தாச்சு? யாரு பாத்தா? பாத்தவன் ஒருத்தன், ஒரே ஒருத்தன், முன்னாடி வந்து, நான் பாத்தேன்னு சொல்லட்டும். இந்தச் சாவியை உங்க கையிலயே குடுத்துட்டு, அந்த ஜன்னல் இல்லாத ரூமுக்கு நானே நடந்து போறேன்."

 ஒருத்தரும் முன்னால் வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி மட்டும் கேன்டீனுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் விட்டாள். வெல்டர் வந்தார். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா. நான் வந்துட்டேன். போன்ல சொல்ல மறந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க."

"தம்பி எங்க?"

"பின்னாடியே வரேன்னான். குழாயைப் பிடிக்கிற கிளாம்ப் ஒண்ணு பம்புக் குழியில விழுந்துடுச்சு, எடுத்துட்டு வரேன்னு சொன்னான். அவன் சாவியை நான் வாங்கிட்டு வந்துட்டேன். சட்டைப் பையிலிருந்து குழிக்குள்ள விழுந்துடப் போகுதேன்னு... ஏம்மா, அவன் இன்னும்..."

அதற்கு மேல் அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. நிமிஷம் திருதிருவென்று முழித்தார். 

அவள் வாசலுக்கு ஓடினாள். பெட்டியிலிருந்து தனக்கொரு சாவியைப் பிடுங்கினாள், பச்சை அணைந்தது. உள்ளே நீளமாகக் காந்தங்கள், ஈரத் தரை, தலைக்கு மேல் குழாய்கள். பம்புச் சத்தம் கிட்டே நெருங்க நெருங்கக் காதை அடைத்தது. குழி விளிம்பில் கொழுந்தனின் கால்கள் தெரிந்தன. குப்புறப் படுத்து, தலையையும் ஒரு கையையும் குழிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். காதில் சத்தம் தடுக்கிற அடைப்பு. ஒலிபெருக்கி என்ன, இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்காது. சுழல் விளக்கு அவன் முதுகுக்குப் பின்னால்தான் சுழன்றிருக்கும்.

அவள் அவன் காலைப் பிடித்து இழுத்தாள். துள்ளி எழுந்து காதடைப்பைக் கழற்றினான்.

"என்ன அண்ணி, நீங்க எங்க இங்க?"

சம்பந்தம் முறிந்ததிலிருந்து அவன் அவளை அண்ணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் அவன் முதுகிலும் தோளிலும் சாத்து சாத்தென்று சாத்தினாள்.

"சாவி எங்கடா? உன் சாவி எங்க? யாரு கையில குடுத்த? உன் உயிரை யாரு கையில குடுத்துட்டு இங்க கிளாம்ப் பொறுக்கற?"

அவன் அனிச்சையாகச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். பை காலி. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவள் சட்டைப் பையில் ஸ்டார்ட் சாவியின் சிவப்பு வளையம் எட்டிப் பார்ப்பதையும் பார்த்தான். தரையில் உட்கார்ந்துவிட்டான். அடித்த அடிகளை வாங்கிக்கொண்டானே தவிர, தடுக்கவில்லை.

வெளியே வந்தால் இன்னும் கோபம் வருகிற மாதிரிதான் எல்லாம் நடந்தது. வெல்டர் அவள் காலில் விழாத குறையாக அழுதார். அவரைத் திட்ட வாய் வரவில்லை, உதவிதானே செய்தார் மனிதர். நிமிஷம் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, "நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்றார். "யாருக்கு ஒண்ணும் ஆகல?" என்று அவள் ஆரம்பித்தது, சாயந்தரம்வரை ஓயவில்லை. அன்றைய அறிக்கையில், 'சாவிகள் சரிபார்க்கப்பட்டன, பணியாளர் வெளியே அழைத்துவரப்பட்டார், பீம் மீண்டும் இயக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. யார் சரிபார்த்தது? யார் அழைத்து வந்தது? அதன் கீழேயே, ஸ்டார்ட் சாவியை அனுமதியின்றி அகற்றியது குறித்து அவள் விளக்கம் தர வேண்டும் என்று ஒரு வரி. அங்கே மட்டும் அவள் பெயரைத் தெளிவாக, ஒரு எழுத்து விடாமல் போட்டிருந்தார்கள்.

அதைப் படித்துவிட்டு அவள் கத்தின கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. நாளைக்கு அந்த நாற்காலி இருக்குமா, ஜன்னல் இல்லாத அறைதானா என்று தெரியாது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் நிறுத்தத்தில் கொழுந்தன் நின்றிருந்தான். ஒரே பஸ், ஒரே சீட். அவன் இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து மூடினான். அவள் ஜன்னலையே முறைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக் கதவைத் தள்ளினதும் உள்ளிருந்து மாமியாரின் குரல் வழக்கம்போல வந்தது.

"வந்தாச்சா?"

அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை, குரலே இல்லை. கொழுந்தன் அதைக் கவனித்துவிட்டு, அவளுக்கும் சேர்த்தே சொன்னான்.

"அண்ணியும் நானும் வந்துட்டோம்மா."

அவள் படாரென்று கதவில் அடித்தாள். கரகரவென்று, காற்று மட்டும்தான் வந்தது.

"எனக்கு நீ சொல்லாத! உன்னை மட்டும் சொல்லு!"

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். 

"நான் வந்துட்டேன், அண்ணி."

அவள் அங்கேயே, வாசற்படியிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். உள்ளேயிருந்து மாமியார், "யாரு அழறது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நான்தான்" என்றாள் அவள்.